பத்து மணிப் பிள்ளைகள்

இஞ்சிமுடி எஸ்டேட்டில் அந்த வருஷம் ஆடி பிறந்த நாளிலிருந்து மழை மூச்சு விடாமல் பெய்து, லைன் வீடுகளின் தகரக் கூரையெல்லாம் அதிர்ந்து, அடுப்புக்குப் பக்கத்தில் போட்ட துணிகூடக் காயாமல் புகை வாடை பிடித்து, ஆட்கள் என்னவென்று தெரியாத ஒரு இருப்புக் கொள்ளாமையில் வாசலுக்கும் அடுப்படிக்குமாக அலைந்துகொண்டிருந்த ஒரு காலையில், தவமணியின் பதினேழு நாள் ஆண் குழந்தை பாயை விட்டு எழுந்து, வாசல்வரை நடந்து போய், மழையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

தவமணி அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சாரல்ல நிக்காதடா" என்று சொல்லிவிட்டு, களைந்த தண்ணீரை ஊற்றிய பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கூச்சல் போடவில்லை. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக் காலைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஜெபமாலை பின்னிக் கொடுத்த சிவப்பு உல்லன் சாக்ஸ் இருந்தது. கழற்றினாள். குழந்தை ஊரில் உள்ள மற்றப் பதினேழு நாள் பிள்ளைகளைப் போலக் கழுத்து நிற்காமல் துவண்டு அவள் கையில் சாய்ந்தது. மறுபடி மாட்டினாள். குழந்தை மடியை விட்டு இறங்கியது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். தவமணி சுவரைத் தட்டினாள்.

"அக்கா, நீங்க போட்டுக் குடுத்த சாக்ஸுல புள்ள நடக்குது."

"பெருசா இருக்கா? கழண்டு கழண்டு போகுதா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜெபமாலை கேட்டாள்.

"அளவெல்லாம் சரியாத்தாங்க்கா இருக்கு. நடக்குது."

ஜெபமாலைக்கு நாற்பத்தாறு வயது. தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் கொட்டகையில் அவள்தான் ஆயா. அவளால் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார முடியாது. மாதா கோயில் பூசையில் முட்டி போட்டிருக்கும்போதுகூட அவள் விரல்கள் முந்தானை ஓரத்தை நிரடிக்கொண்டே இருக்கும். கான்வென்ட் சிஸ்டர் ஒருவரிடம் சின்ன வயதில் கற்ற பின்னல் அந்தக் கைக்கு ஒரு வேலையாக அமைந்தது. லைனில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், அது எந்தச் சாமி கும்பிடுகிற வீடாக இருந்தாலும், பத்தாம் நாள் ஒரு ஜோடி உல்லன் சாக்ஸோடு போய் நிற்பாள். ஒன்பது வருஷமாகப் பின்னிக் கொடுத்திருக்கிறாள். அந்தக் குழந்தைகளெல்லாம் நடக்க வேண்டிய வயதில்தான் நடந்தன. அந்த வருஷம் சித்திரையில் அவளுடைய இரண்டு பையன்களும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். வீட்டில் அவளும் தொழிற்சாலையில் இலை வாட்டுகிற புருஷனும் மட்டும் மிஞ்சினார்கள். அதற்குப் பிறகு அவள் நடந்துகொண்டே பின்ன ஆரம்பித்தாள், கொட்டகைக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரைக்கும் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டு. சிலர் காரணம் அதுதான் என்றார்கள். சிலர் அந்த வருஷத்து நூலைச் சொன்னார்கள். ஆவணி பிறந்ததும் காரணத்தை யாரும் பேசவில்லை, ஏனென்றால் அதற்குள் நடக்கிற குழந்தைகள் ஐந்தாகிவிட்டன, அவற்றுக்குச் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருந்தன.

முதலில் அட்டை. மழைக்காலத்துப் பாதையில் புல்லுக்குப் புல் அட்டை நிற்கும். சாக்ஸைச் சுற்றி உப்பும் மூக்குப்பொடியும் கலந்து தடவலாம் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். அதன் பிறகு குழந்தைகள் தும்மிக்கொண்டே நடந்தன. டெய்லர் உரச் சாக்கின் உள்ளே வருகிற பிளாஸ்டிக்கில் முழங்கை நீளத்துக்கு, மழைக்குத் தலையோடு போர்த்துகிற கொங்காணி தைத்துக் கொடுத்தார். கண் படாமலிருக்க எல்லாக் குழந்தைக்கும் கன்னத்தில் வைக்கிற மையைச் சாக்ஸின் அடியிலும் வைத்தார்கள். தொட்டில்கள் காலியாகத் தொங்கின. ஒரு வீட்டில் கோழி ஏறி அதில் முட்டையிட்டது. மாரியம்மன் கோயில் பூசாரியும் சர்ச் உபதேசியாரும் ஆளுக்கொரு பக்கம் இது தங்கள் வீட்டு அற்புதம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, குழந்தைகள் இரண்டு வாசலையும் பார்க்காமல் நேரே போவதைக் கண்டு பேசாமலிருந்துவிட்டார்கள். காலை பஸ் ஓட்டுகிறவர் வளைவுக்கு வளைவு இறங்கி, டயருக்கு முன்னால் குனிந்து பார்த்துவிட்டு ஏறப் பழகிக்கொண்டார்.

குழந்தைகள் போனது பால் குடிக்க.

எஸ்டேட்டில் கைக்குழந்தைக்காரிகளுக்குக் காலை பத்து மணிக்கும் மத்தியானமும் அரை அரை மணி நேரம் பால் நேரம் உண்டு. ஆனால் கொழுந்துக்காடு எங்கோ கீழே இருக்கும், கொட்டகை மேலே இருக்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக ஏறி, மூச்சிரைக்கக் குழந்தையை வாங்கி, நாலு வாய் குடிப்பதற்குள் கங்காணி விசில் ஊதிவிடுவார். இப்போது பத்து மணிக்குக் கொட்டகைக் கதவை ஜெபமாலை திறந்துவிட்டால் போதும், ஐந்தும் பிறகு எட்டும் பிறகு பதினொன்றுமாகக் குழந்தைகள் வரிசை பிடித்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமான கால்களோடு, ஒரு பேச்சு இல்லாமல், மூக்கை மட்டும் காற்றில் தூக்கியபடி ஜீப் பாதையில் இறங்கிப் போய், சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் முப்பது பெண்களுக்குள் அவரவர் தாயின் மடியைத் தப்பாமல் கண்டுபிடித்து ஏறிக்கொண்டன. அரை மணி நேரமும் முழுசாகக் குடித்தன. தாய்மார்கள் காலை நீட்டி உட்கார்ந்து, வேலைக்கு வந்த நாளிலிருந்து கிடைக்காத அந்த அரை மணி நேரத்தில் ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். தூரத்திலிருந்து ஜெபமாலை அதைப் பார்ப்பாள். இடுப்பில் செருகிய ஊசிகளோடு, நின்ற இடத்தில் நிற்க முடியாமல், பாதை ஓரத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டு பார்ப்பாள்.

ஆவணி கடைசியில் மருதாயிக்குப் பெண் பிறந்தது. மருதாயிக்குப் பத்தொன்பது வயது, கல்யாணமாகி வந்து ஒரு வருஷம், அதிகம் பேசாத பெண். குழந்தையின் பாதம் இரண்டும் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. பார்க்க வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினார்கள். ஜெபமாலை மூடவில்லை. நூலால் அந்தப் பாதத்தைச் சுற்றிச் சுற்றி அளவெடுத்தாள். குதிகால் வளைவு சரியாக வரும்வரை மூன்று முறை பிரித்துப் பின்னினாள். இன்பரசி என்று பெயர் வைத்த பதினோராம் நாள், ஊதா நிறச் சாக்ஸை அவளே போட்டுவிட்டாள். குழந்தை எழுந்து, மற்றக் குழந்தைகள் நடந்த அதே நடை நடந்து, தாயின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. மருதாயி அழவில்லை, கும்பிடவில்லை. மறுநாள் காலை கொல்லையில் காய்த்த முதல் மேராக்காயைக் கொண்டுவந்து ஜெபமாலையின் கையில் வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

மேனேஜர் சாரங்கபாணியை எல்லோரும் துரை என்றுதான் கூப்பிட்டார்கள். புரட்டாசியில் ஒருநாள் பத்து மணிக்கு அவருடைய ஜீப் வளைவில் திரும்பியபோது குழந்தைகள் பாதையைக் கடந்துகொண்டிருந்தன. அவர் பிரேக் போட்டு, கடைசிக் குழந்தை போகும்வரை காத்திருந்தார்.

"இதுக்கு எத்தனை மாசம்?" என்று ஜெபமாலையைக் கேட்டார்.

"மாசம் ஆகல தொரை. இருபத்தஞ்சு நாள்."

"எல்லாம் தானா போயிட்டுத் தானா வந்துருமா?"

"வந்துரும் தொரை."

அவர் ஆச்சரியப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். அடுத்த திங்கட்கிழமை பேர் கூப்பிடுகிற இடத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. குழந்தைகள் தாமே தாயிடம் வந்துவிடுவதால் தாய்மார்கள் வேலையை நிறுத்தி உட்கார வேண்டிய தேவை இல்லை என்றும், கொழுந்து பறித்துக்கொண்டே பால் கொடுத்துக்கொள்ளலாம் என்றும், இன்று முதல் பால் நேரம் கிடையாது என்றும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படாததால் பிள்ளைக் கொட்டகை மூடப்படுகிறது என்றும் அதில் எழுதியிருந்தது.

ஜெபமாலையை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துரை அவளை உட்காரச் சொன்னார். எஸ்டேட்டில் இருபது வருஷமாக அவள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"கீழ ரெண்டு டிவிஷன் இருக்கு. அங்கயும் புள்ளைங்க இருக்கு" என்றார். "தொழிற்சாலை மாடியில சூடா ஒரு ரூம் தர்றேன். ஜன்னல் பக்கமா நாற்காலி. நூல் மூட்டை மூட்டையா வந்து இறங்கும். நீ வேற எந்த வேலையும் செய்ய வேண்டாம், பின்னிக்கிட்டே இரு." பிறகு அவள் கையைப் பார்த்து, "இந்தக் கை சாதாரணக் கை இல்ல, ஜெபமாலை" என்றார். அந்தக் கையைப் பற்றி அதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மா சொன்னதில்லை, புருஷன் சொன்னதில்லை, பையன்கள் சொன்னதில்லை. ஜெபமாலை சரி என்று தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் தவமணி வந்தாள். சுவரைத் தட்டவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"எங்க அரை மணி நேரத்தைப் பின்னி எடுத்துட்டுப் போயிட்டீங்களேக்கா."

"நோட்டீஸ் நானா எழுதுனேன்? அவரு எழுதுனதுக்கு நான் என்ன புள்ள செய்ய?"

"நூலு உங்களுதுதான?"

"ஒம்புள்ள நடந்தப்ப ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சியே, அப்ப தெரியலையா நூலு என்னுதுன்னு?"

தவமணி தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து சுவரின் இரண்டு பக்கமும் மௌனமாகிவிட்டது. குழாயடியில் ஜெபமாலை போனால் பெண்கள் குடத்தைத் தள்ளி வைத்து இடம் விட்டார்கள், பேச்சை நிறுத்தினார்கள். அவள் தொழிற்சாலை மாடியில் சூடான அறையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கீழ் டிவிஷன் பிள்ளைகளுக்கு, முகம் தெரியாத பிள்ளைகளுக்கு, இருபது ஜோடி பின்னினாள், பிறகு இன்னும் ஒன்பது ஜோடி பின்னினாள். நாற்காலியில் உட்கார்ந்து பின்னினால் கால் குடைந்தது. எழுந்து நடந்தால் அறை நாலு எட்டில் முடிந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கொழுந்துக்காட்டில் தாய்மார்கள் ஒரு கையால் கொழுந்தைக் கிள்ளி இன்னொரு கையால் குழந்தையை மாரோடு அணைத்து நின்றபடி பால் கொடுப்பது தெரிந்தது. கை வலித்ததும் குழந்தையைக் கீழே விடுவார்கள். குழந்தை செடி வரிசைகளுக்கு நடுவே தாயின் காலைத் தொடர்ந்து போகும். தாய் வேகமாகப் பறித்து நகர்ந்தால் அதுவும் வேகமாகப் போகும். மறுபடி தூக்கும்வரை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஜெபமாலை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கண்ணிகள் விட்டுவிட்டுப் போயின. பிரித்துப் பின்னினாள்.

ஐப்பசியில் மூடுபனி இறங்கியது. ஒருநாள் காலை பதினோரு மணிக்குப் பக்கத்துச் செடியே தெரியாத அளவுக்கு வெள்ளையாகிவிட்டது. தவமணி குனிந்து கீழே பார்த்தபோது மகன் தினகரன் காலடியில் இல்லை. முதலில் பக்கத்து வரிசையில் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள். பிறகு கூடையைக் கழற்றி வீசிவிட்டுக் கத்தினாள். முப்பது பெண்களும் கூடையை வீசினார்கள். பனிக்குள் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே பெயர் கேட்டது. மூன்று மாதக் குழந்தை பதில் சொல்லாது என்பது கத்துகிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கத்தினார்கள்.

தொழிற்சாலைச் சங்கு ஊதியது. ஜெபமாலை மாடியிலிருந்து இறங்கி ஓடினாள். யார் பிள்ளை என்று கேட்டபோது யாரோ தவமணி பேரைச் சொன்னார்கள். அவள் காட்டுக்குள் இறங்கி, செடி இடுப்பில் கீற, தடவித் தடவிப் போனாள். எவ்வளவு தூரம் போனாளோ தெரியாது. ஒரு தேயிலைத் தூரில் சிவப்பாக என்னவோ மாட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். நூல்முனை. அவள் முடிச்சுப் போட்ட இடம் சிம்பில் பட்டு விட்டுப்போய், பின்னல் கண்ணி கண்ணியாகப் பிரிந்து, ஒற்றை நூலாகச் செடிகளுக்கு நடுவே பனிக்குள் போய்க்கொண்டிருந்தது.

நூல் அறுந்துவிடக்கூடாதே என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சேர்த்து இடது கையில் சுற்றியபடி அதன் பின்னால் போனாள். வரிசை முடிந்தது. நூல் வடிகாலைத் தாண்டியது. ஈரப் பாறையில் ஒட்டிக் கிடந்தது. அங்கிருந்து ஓடைச் சத்தம் கேட்டது. அவளுக்கு நடை வேண்டாமென்று இருந்தது, வாழ்நாளில் முதல் தடவையாக நின்ற இடத்திலேயே நின்றுவிட வேண்டும்போல இருந்தது. நூல் போனது, அவளும் போனாள். பள்ளத்துக்கு மூன்று முழம் முன்னால் நூல் தீர்ந்துபோயிருந்தது. அங்கே புல்லில் தினகரன் மல்லாந்து கிடந்தான். ஒரு கால் வெறுங்கால், ஒரு காலில் சிவப்புச் சாக்ஸ். சாக்ஸ் இல்லாத கால் சும்மா இருந்தது. சாக்ஸ் போட்ட கால் இன்னும் காற்றில் நடந்துகொண்டிருந்தது.

அவள் அந்தச் சாக்ஸைக் கழற்றினாள். கால் அடங்கியது. குழந்தை கண்ணைத் திறந்து, அவளைப் பார்த்து, அப்போதுதான் அழுதது.

தவமணி பிள்ளையை வாங்கியபோது, "கொண்டா" என்று மட்டும் சொன்னாள். குழந்தையின் காதுக்குப் பின்னால் இரண்டு அட்டை இருந்தது. இரண்டையும் ஜெபமாலை விரலால் சுண்டி எறிந்தாள்.

அன்று மத்தியானம் கங்காணியிடம் சாவி வாங்கி அவள் பிள்ளைக் கொட்டகையைத் திறந்தாள். தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்து சாக்ஸைக் கழற்றிக் கொடுத்தார்கள். "எங்கையாலதான போட்டேன், எங்கையாலயே பிரிச்சுடறேன்" என்றாள். முடிச்சை அவிழ்த்து இழுத்தால் கர்ரென்று ஒரு சத்தத்தோடு கண்ணிகள் சரிந்து வந்தன. தனக்கு வாய்த்த ஒரே பெரிய விஷயம் அந்தச் சத்தமாகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் இழுத்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் கீழ் டிவிஷன்களுக்கு நடந்து போய், முகம் தெரியாத தாய்மார்களிடம் காரணம் சொல்லி, அங்கே கொடுத்த இருபத்தொன்பதையும் பிரித்தாள். வீட்டு மூலையில் பல நிறத்தில் ஒரு நூல் மலை குவிந்தது.

மருதாயி மட்டும் வரவில்லை. ஜெபமாலை அவள் வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது.

"மருதாயி, நான்தான்."

"எல்லாப் புள்ளைக்கும் காலு இருக்குக்கா" என்றாள் மருதாயி உள்ளேயிருந்து. "எம்புள்ளைக்கு அந்தச் சாக்ஸுதான் காலு."

கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் ஊதா நிறக் கால்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தன. ஜெபமாலை கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மற்றப் பெண்களும் சரி, அது இருக்கட்டும் என்றார்கள்.

மறுநாள் பத்து மணிக்குத் தாய்மார்கள் யாரையும் கேட்காமல் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஏறிப் போனார்கள். கங்காணி விசில் ஊதி ஊதிப் பார்த்தார். அடுத்த நாளும் போனார்கள். துரை அரை நாள் ஆப்சென்ட் போட்டார். போனார்கள். துரை ஜெபமாலையை மாடிக்கு அனுப்பி மறுபடி பின்னச் சொன்னார். அவள் ஊசியை மடியில் வைத்துக்கொண்டு, "கை மறந்துபோச்சு தொரை" என்றாள். துரை குன்னூரிலிருந்து பின்னல்காரம்மா ஒருவரை வரவழைத்தார். அந்த அம்மா பின்னியது ரொம்ப அழகாக இருந்தது, மாட்டிய குழந்தைகள் சூடாகத் தூங்கின. கடைசியில் துரை தொழிலாளர் ஆய்வாளருக்குக் கடிதம் எழுதினார். இந்த எஸ்டேட்டில் குழந்தைகள் நடக்கும், ஆகையால் பால் நேரம் தேவையில்லை, நேரில் வந்து பார்க்கலாம் என்று. காட்டுவதற்கு அவருக்கு ஒரே ஒரு குழந்தை போதும். அது மருதாயி வீட்டில் இருந்தது.

ஆய்வாளர் ஒரு பெண். கார்த்திகை மழையில் நனைந்த செருப்போடு வந்து, கொட்டகைப் பெஞ்சில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். சுவரோரமாகத் தாய்மார்கள் குழந்தைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மருதாயி இன்பரசியைச் சேலைக்குள் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். சேலைக்குள் கால்கள் உதைத்துக்கொண்டே இருந்தன. எல்லோரும் அந்தச் சேலையைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். ஜெபமாலை கதவருகில் நின்றாள். மருதாயி சாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கக்கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. கழற்றியிருந்தால் பிள்ளை கிடந்த இடத்தில் கிடக்குமே என்றும் தோன்றியது.

துரை பேச ஆரம்பித்தபோது இன்பரசி சேலையை விலக்கி இறங்கினாள். அறையின் குறுக்கே, ஊதா நிறக் காலை எடுத்து எடுத்து வைத்து, நேராக நடந்து போய் ஆய்வாளரின் ஈரச் செருப்புக்கு முன்னால் நின்றாள்.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் துரை.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் குழந்தையைப் பார்த்தார். பிறகு தூக்கி மடியில் வைத்து, சாக்ஸ் இரண்டையும் கழற்றினார். உள்ளே இருந்த பாதங்களைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பொறக்கும்போதே இப்படியா?"

மருதாயி தலையாட்டினாள்.

"மூணு மாசமாகப் போகுது. டாக்டர்கிட்ட யாரு காமிச்சீங்க?"

யாரும் காண்பிக்கவில்லை. நடக்கிற பிள்ளையை எதற்கு டாக்டரிடம் காண்பிப்பது? ஜெபமாலை ஆய்வாளரின் மடியில் கிடந்த ஊதாச் சாக்ஸைப் பார்த்தாள். குதிகால் வளைவு சரியாக வர வேண்டும் என்று மூன்று முறை பிரித்துப் பின்னினாளே, அது அந்த வளைவை யார் கண்ணிலும் படாமல் மூடத்தான் உதவியது.

"மாவுக்கட்டு போட்டுப் போட்டே இதை நேராக்கலாம்மா" என்றார் ஆய்வாளர். "எலும்பு இளசா இருக்கும்போதே செய்யணும். தள்ளிப் போட்டா ஆபரேஷன். நாளைக்கே கூட்டிட்டுப் போங்க." ஃபைலை எடுத்து மூடினார்.

"மேடம், குழந்தை நடந்ததை நீங்களே..." என்றார் துரை.

"நடந்துச்சு, பாத்தேன். அது நடக்குதா பறக்குதான்னு சட்டம் கேக்கல சார். தாய்க்கு நேரம் குடுத்தீங்களான்னுதான் கேக்குது. நோட்டீஸை இன்னைக்கே கிழிச்சிருங்க."

நோட்டீஸ் அன்று கிழிக்கப்படவில்லை, இரண்டு வாரம் கழித்து மழையில் தானாகவே கரைந்தது. ஆனால் பத்து மணிக்குக் கங்காணி விசில் ஊதுவதை நிறுத்திவிட்டார். கொட்டகைக்கு ஜெபமாலை திரும்பினாள்.

வியாழக்கிழமைதோறும் அவளும் மருதாயியும் காலை பஸ்ஸில் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒவ்வொரு வாரமும் பழைய மாவுக்கட்டை வெட்டி, பாதத்தை ஒரு நெல் அளவு திருப்பி, புதுக் கட்டுப் போட்டார்கள். பதினோராம் நாளில் நடந்த குழந்தைக்குத் தொடைவரை கல்லாகக் கனக்கும் கால்களோடு கிடப்பதென்பது என்ன கொடுமையாக இருந்ததோ, கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அலறிக்கொண்டே போனாள், அலறிக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் எல்லோரும் முறை வைத்துத் தூக்கினார்கள். மருதாயிக்குக் கை ஓய்ந்தபோது ஜெபமாலை வாங்கிக்கொண்டாள். திட்டு வாங்குவது போல அந்த அலறலை முகத்தில் வாங்கிக்கொண்டு, "கத்து தாயி, நல்லாக் கத்து" என்பாள். வீட்டில் அவள் விரல்கள் மொச்சை உரித்தன, முந்தானையைப் பிய்த்தன, சுவரைத் தட்டி, "தவமணி, என்ன செய்யிற?" என்று கேட்டன. சுவர் முதலில் பேசாமலிருந்தது. தை மாதம் ஒருநாள், "கொழம்பு வைக்கிறேங்க்கா" என்றது.

மாசி மாதம் கடைசிக் கட்டை வெட்டினார்கள். தோல் வெளுத்து, சுருங்கி, மாவு ஒட்டிய இரண்டு பாதங்கள் வெளியே வந்தன. நேராக இருந்தன. கம்பி வைத்த பூட்ஸ் மறுநாள்தான் வரும், அதுவரை காலில் குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் நர்ஸ். மருதாயி ஜெபமாலையின் கையைப் பார்த்தாள்.

"ஒரு ஜோடி போட்டுத் தாங்கக்கா."

"பயமா இல்லையா புள்ள?"

"பயமாத்தான் இருக்கு."

ஜெபமாலை எதிர்க்கடையில் வெள்ளை நூல் வாங்கினாள். ஆஸ்பத்திரி மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து, பஸ் வரும்வரை எழுந்திருக்காமல் பின்னினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, மருதாயியின் மடியில் கிடந்த குழந்தைக்கு ஒரு காலில் மாட்டினாள். இன்னொரு காலில் மாட்டி நாடாவை முடிந்தாள். கண்டக்டர் சீட்டுக் கிழிப்பதை நிறுத்தினார். டிரைவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார். முதல் வளைவு போனது, ஏழாம் வளைவு போனது. நடக்கக்கூடாதே என்று ஜெபமாலை வேண்டினாள். அந்த வேண்டுதலுக்கு அடியில் வேறொன்று, ஒரே ஒரு எட்டு, ஒன்றே ஒன்று வைத்தால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தது. இன்பரசி இரண்டு காலையும் தூக்கிப் பார்த்தாள். ஒரு காலைக் கையால் பிடித்தாள். இழுத்து வாய்க்குள் வைத்து, வெள்ளைச் சாக்ஸின் நுனியைச் சப்ப ஆரம்பித்தாள். உல்லன் எச்சிலில் ஊறி ஒழுகியது. அப்படியே தூங்கிப்போனாள்.

ஜெபமாலை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, மலை ஏறி முடியும்வரை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

இஞ்சிமுடி ஸ்டாப்பில் லைனே குடை பிடித்து நின்றது. தவமணி முன்னால் வந்து குழந்தையின் காலைப் பார்த்தாள், சாக்ஸைப் பார்த்தாள், ஜெபமாலையின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் நடக்கல" என்றாள் ஜெபமாலை.